தழும்பும் ஆயுளும்

அவயவ மாற்றுச் சிகிச்சையைப் பற்றி இப்போது நம் நாட்டில் ஓர் அபிப்பிராயம் வேரூன்றியிருக்கிறது. ரோபோ என்னும் யந்திரக் கை வந்துவிட்டபடியால் அந்தச் சிகிச்சை புதிய யுகத்தில் பிரவேசித்துவிட்டது என்றும், மனிதக் கையின் நடுக்கமும் களைப்பும் இனி நோயாளியின் விதியை நிர்ணயிக்கமாட்டா என்றும், வெட்டு சிறிதாகிவிட்டதனால் சில வாரங்களில் அவன் வேலைக்குத் திரும்பிவிடலாம் என்றும், ஆகவே இந்த யந்திரம் இல்லாத ஆஸ்பத்திரி பின்தங்கிய ஆஸ்பத்திரியே என்றும் அது சொல்லுகிறது. விளம்பரங்கள் இப்படிச் சொல்வதோடு நின்றிருந்தால் மறுப்பு எழுத வேண்டிய அவசியம் இல்லை. படித்தவர்கள் இதை நம்புகிறார்கள்; பத்திரிகைகள் ஆட்சேபமின்றி அச்சிடுகின்றன; வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாரம் இருமுறை மும்முறை டயாலிசிஸுக்குப் போய் வரும் தொழிலாளியின் வீட்டார், "ரோபோவுல பண்ணினாத்தான் நிக்குமாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இருக்கிற கடனுக்குமேல் இன்னொரு கடன் தேடப் புறப்படுகிறார்கள். இந்த அபிப்பிராயம் பிழையானது. வேலூர் ஆம்பூர்த் தோல் பிரதேசத்து ஏழைகளைப் பொறுத்தவரையில் அது தீங்கும் செய்கிறது. இதை என்னால் இயன்றவரை நிரூபிக்க முயல்கிறேன்.

முதலில் யந்திரத்துக்குரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். ரோபோ என்றவுடன், தானே யோசித்துத் தானே வெட்டித் தைக்கும் இரும்பு மனிதன் ஒருவனை ஜனங்கள் கற்பனை செய்துகொள்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் அனுமதி பெற்று உலகெங்கும் பரவிய 'டா வின்சி' யந்திரத்தில், சர்ஜன் நோயாளியிடமிருந்து சில அடி தள்ளி உட்கார்ந்து, ஒரு பெட்டிக்குள் முகத்தைப் பொருத்திக்கொள்கிறார். வயிற்றில் இட்ட சிறு துவாரங்களின் வழியே உள்ளே போன காமிரா, அங்கிருப்பதைப் பன்மடங்கு பெருக்கி ஆழமும் தெரியும்படி அவருக்குக் காட்டுகிறது; அவர் விரலை அசைத்தால், அந்த அசைவு சிறிதாக்கப்பட்டு, நடுக்கம் வடிகட்டப்பட்டு, உள்ளேயிருக்கும் மெல்லிய கருவியின் மணிக்கட்டைப் போய்ச் சேருகிறது. குறுகிய இடத்தில் தையல் போட இதைவிடச் சௌகரியமான சாதனம் இன்றுவரை இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சிகாகோ சர்ஜன்கள் 2009-இல் பெருத்த சரீரமுடைய ஒரு நோயாளிக்கு இதன் மூலம் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். டெட்ராய்டு நகரத்து மணி மேனனும் குருகிராமத்து ராஜேஷ் அலாவத்தும் சேர்ந்து 2013 வாக்கில் ஒரு முறையை வகுத்தார்கள். சிறுநீரகத்தைச் சுற்றி ஐஸ் தூளை வைத்து, தையல் முடியும்வரை அது சூடேறாமல் காப்பது அதன் விசேஷம். அந்தப் பெருமையில் இந்தியருக்குள்ள பங்கை நான் மனமார ஒப்புக்கொள்ளுகிறேன். என் ஆட்சேபம் யந்திரத்தின்மேல் அல்ல, அதன் பேரால் செய்யப்படும் வாதத்தின்மேல்.

யந்திரக் கையின் நுட்பத்தால் பொருத்திய சிறுநீரகம் நெடுநாள் நிலைக்கும் என்பது அந்த வாதத்தின் முதல் தூண். இந்தச் சிகிச்சையின் சரித்திரத்தை அறிந்தவர் எவரும் அதை ஏற்கமாட்டார். மாற்றுச் சிறுநீரகத்தை வைக்கும் சர்ஜனுக்கு அடிப்படையான தையல்கள் மூன்றே: சிறுநீரகத்தின் ரத்தநாளம் இரண்டையும் இடுப்பெலும்பை ஒட்டி ஓடும் சிரையோடும் தமனியோடும் இணைப்பவை இரண்டு, சிறுநீர்க் குழாயை மூத்திரப் பையோடு இணைப்பது ஒன்று. ரத்தநாளங்களைக் கசிவின்றித் தைக்கும் வித்தையை அலெக்சிஸ் கரேல் என்னும் பிரெஞ்சு வைத்தியர், லியோன் நகரத்துப் பூத்தையல்காரி ஒருத்தியிடம் நூலும் ஊசியும் பழகி, 1902-இலேயே உலகுக்கு அளித்துவிட்டார். 1912-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. 1954 டிசம்பரில் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே ஒரு சகோதரனின் சிறுநீரகத்தை அவன் இரட்டைச் சகோதரனுக்கு வைத்தது வெறுங்கையால்தான். நம் வேலூரில், 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்த வைத்தியசாலையிலிருந்து வளர்ந்த கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியில், 1971-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சர்ஜன் மோகன் ராவும் சிறுநீரக வைத்தியர் கே. வி. ஜானியும் இந்தியாவில் வெற்றி கண்ட முதல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையை நடத்தியதும் வெறுங்கையால்தான்.

அக்காலத்தில் மாற்றிய சிறுநீரகங்களில் பல ஏன் கெட்டன? தையல் பிரிந்தா கெட்டன? அந்நிய அவயவம் என்று கண்டுகொண்ட சரீரம் அதைத் தாக்கி அழித்ததனால் கெட்டன. மரேயின் நோயாளி பிழைத்ததற்கும், கொடுத்தவன் அவனுடைய இரட்டையாக இருந்ததே ஹேது. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சணத்திலிருந்து பாசல் நகரத்து ரசாயன சாலை சைக்ளோஸ்போரின் என்ற மருந்தைப் பிரித்தெடுக்க, அதை 1978-இல் கேம்பிரிட்ஜில் ராய் கேல்ன் மனிதருக்குக் கொடுத்துப் பார்க்க, 1984-இல் ஜப்பானியர் சுகுபா மண்ணின் கிருமி ஒன்றிலிருந்து டாக்ரோலிமஸைக் கண்டெடுக்க, அதன் பின்னரே மாற்றுச் சிறுநீரகத்தின் ஆயுள் நீண்டது. மண்ணிலிருந்து வந்த அந்த மருந்துகளும், திசுப் பொருத்தம் பார்க்கும் ரத்தப் பரிசோதனைகளும், நாள் தவறாமல் மாத்திரை விழுங்கும் நோயாளியின் ஒழுக்கமுமே இன்றும் அதன் ஆயுளை நிர்ணயிக்கின்றன. கையால் வைத்ததையும் யந்திரத்தால் வைத்ததையும் ஒப்பிட்ட ஆராய்ச்சிகள், யந்திர முறையில் வலி குறைவு, காயத்தில் சீழ் பிடிப்பது குறைவு என்று சொல்லுகின்றன. சிறுநீரகம் வேலை செய்யும் திறத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே காணப்படுகின்றன. "ரோபோவில் செய்தால்தான் நிற்கும்" என்பதற்கு ஆதாரம் கிடையாது.

இவ்விடத்தில், பிரசாரம் செய்பவர்கள் தொடாமல் தாண்டிப் போகும் ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆம்பூர்த் தோல் ஷாப்புகளில் பதனிட்டு முடிந்த தோலைத் தரம் பிரிக்கும் அனுபவஸ்தரைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: வெளிச்சத்தில் விரித்துக் கண்ணால் பார்ப்பதோடு அவர் நிறுத்துவதில்லை, உள்ளங்கையை அதன்மேல் ஓட்டி, ஓரத்தை மடித்து, கட்டைவிரலால் அழுத்தி, கண்ணுக்கு ஒரேமாதிரித் தெரியும் இரண்டு தோல்களில் எது இறுக்கமானது, எது மேல்புறம் விட்டுப்போனது என்பதை விரலால் தீர்மானித்துத் தனித்தனியே அடுக்குகிறார். மாற்றுச் சிறுநீரகம் வைக்கும் சர்ஜனும் அத்தகைய ஒரு காரியத்தைச் செய்கிறார். நெடுங்காலம் சர்க்கரை வியாதியால் வாடியவர், பீடி பிடித்தவர், பல வருஷம் டயாலிசிஸில் இருந்தவர், இவர்களுடைய தமனியின் சுவரில் சுண்ணாம்புப் படிவுகள் ஏறியிருக்கும். சில இடங்களில் அது ஓடுபோல் கடினமாயிருக்கும். அந்த இடத்தில் கவ்வியைப் போட்டால் நாளத்தின் உட்சுவர் பிளக்கும். ஊசி ஏற்றினால் படிவு உடைந்து காலுக்கோ புதிய சிறுநீரகத்துக்கோ ஓடும். ஆகவே திறந்த முறையில் செய்யும் சர்ஜன், தமனியை இரண்டு விரல்களுக்கிடையே பிடித்து மேலும் கீழும் தடவி, மெத்தென்றிருக்கும் இடம் எது என்று தேடி, அங்கேதான் துவாரம் இடுகிறார்.

இன்று நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் உள்ள ரோபோ யந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்பரிச உணர்ச்சி கிடையாது. 2024-இல் வெளிவந்த டா வின்சியின் புதிய அமைப்பு, கருவியின் நுனியில் ஏற்படும் இழுவிசையை ஓரளவு கைக்கு உணர்த்துகிறது. விரல் தடவிக் காண்பதற்கு அது ஈடாகாது. ஸ்கேன் படம் சுண்ணாம்பைக் காட்டும் என்பது மெய். அதைக் கொண்டே, படிவு மிகுந்த நோயாளிகளை யந்திர முறைக்குத் தகாதவர்கள் என்று அந்த முறையில் தேர்ந்தவர்களே விலக்கிவிடுகிறார்கள். அப்படி விலக்குவது விவேகமான செயல்; குற்றம் அதற்குப் பின்னால் நிகழ்கிறது. நாளங்கள் நல்ல நிலையில் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்துக் கண்ட பலனை எடுத்து, சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சிறுநீரகத்தைத் தின்றுவிட்ட இந்தப் பிரதேசத்து நடுவயது நோயாளிகள் அனைவருக்கும் பொதுவாக்கிக் காட்டுவது எந்தத் தர்க்கத்தில் சேர்ந்தது? எவருடைய நாளத்தைத் தைப்பது மிகக் கடினமோ அவருக்கு இந்த யந்திரம் உதவாது என்பதை யாராவது ஒரு விளம்பரத்தில் ஒரு வரி எழுதியிருந்தால், நான் இத்தனை வரி எழுதியிருக்கமாட்டேன்.

அடுத்து, வேலைக்குத் திரும்புவது. தழும்பு சிறிதானால் தொழிலாளி சீக்கிரம் சம்பாதிக்கத் தொடங்குவான் என்ற பேச்சு கேட்க இனிமையாயிருக்கிறது. தோல் ஷாப்பில் உப்பிட்ட பச்சைத் தோலைப் புரட்டுகிறவனோ, சுண்ணாம்புக் குழியிலும் டிரம்மிலும் ஈரத்தில் நிற்கிறவனோ, மாற்றுச் சிறுநீரகம் பெற்ற பின் அந்த வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பதை அவன் வயிற்றுத் தோல் நிச்சயிப்பதில்லை. முதல் சில மாதங்களில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள் உச்ச அளவில் இருக்கும். காளான் தொற்றும், நம் நாட்டில் எங்கும் பதுங்கியிருக்கும் க்ஷய ரோகமும் அந்தச் சமயத்துக்காகவே காத்திருக்கும். காயம் ஆறிய பிறகும் அவனைப் பச்சைத் தோலின் மயிரும் தூசியும் பறக்கும் கொட்டகைக்குள் அனுப்பலாகாது. அவனுக்கு வேண்டியது, அதே கம்பெனியில் உட்கார்ந்து செய்யும் உலர்ந்த வேலை ஒன்று. வேலை இல்லாத மாதங்களில் ஈ.எஸ்.ஐ. பாத்தியதை அறுந்துபோகாமல் இருப்பதற்கு ஓர் ஏற்பாடு. இவற்றைப் பற்றி வெட்டின் சென்டிமீட்டரை அளந்து காட்டுகிறவர்கள் ஏன் பேசுவதில்லை?

சிறுநீரகம் கொடுக்கிறவளைப் பற்றியும் பேசுவதில்லை. 'கொடுக்கிறவள்' என்று தெரிந்தே எழுதுகிறேன். 1994-ஆம் வருஷத்துச் சட்டம் நெருங்கிய உறவினருக்குள் தானத்தை அனுமதிக்கிறது. அந்த உறவினருள் உயிரோடிருக்கையில் கொடுப்பவர்களில் பெரும்பான்மையோர் மனைவியரும் தாய்மாரும், பெறுகிறவர்களில் பெரும்பான்மையோர் ஆண்கள். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் மெஷினில் குனிந்து அப்பர் தைப்பவர்களும் பெரும்பாலும் பெண்களே. வீட்டில் சம்பளம் வாங்கும் இன்னொரு ஆள் அவளேயாக இருக்க, அவள் உடம்பில்தான் கத்தி படுகிறது. அவளுடைய வெட்டைச் சிறிதாக்கும் வித்தை ரோபோவோடு வந்ததன்று. 1995-இல் பால்டிமோரில் ராட்னர், கவூசி என்னும் இரண்டு சர்ஜன்கள் லேப்ராஸ்கோப்பால் தானச் சிறுநீரகத்தை எடுத்தார்கள். அம்முறை இந்தியாவில் நெடுநாளாக வழக்கத்தில் இருக்கிறது. துவாரங்கள் வழியே பிரித்து, அடிவயிற்றில் சிறிய வெட்டு ஒன்றின் மூலம் முழுதாக வெளியே எடுப்பார்கள். எந்த யந்திரம் வந்தாலும் சிறுநீரகம் முழுதாக வெளிவர அந்த வெட்டு வேண்டும். அதற்குமேல் அவளுக்கு வேண்டியது வருஷந்தோறும் ரத்த அழுத்தமும், ரத்தத்தில் கிரியாட்டினினும், சிறுநீரில் புரதமும் பார்த்துச் சொல்லும் ஒருவர். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவளை மறுபடி கூப்பிட்டு விசாரிக்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில், தழும்பின் அழகைப் பேசுவது எனக்கு அருவருப்பாயிருக்கிறது.

நேர்மைக்காக இரண்டு விலக்குகளைச் சொல்ல வேண்டும். சரீரம் மிகப் பெருத்த நோயாளிக்குத் திறந்த முறையில் காயம் சீழ்ப்பிடிப்பது பெரும் ஆபத்து. அவருக்கு யந்திர முறை மெய்யாகவே உயிர்காக்கும் உபகாரம். கல்லீரலில் ஒரு பகுதியைத் தானம் செய்பவருக்கோ, விலா எலும்பின் கீழ் நீண்ட வெட்டு இல்லாமல் அதைப் பிரித்தெடுப்பது மிகப் பெரிய நன்மை. ரியாத்திலும் கொச்சியிலும் சென்னையிலும் அதில் கைதேர்ந்த சர்ஜன்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு இடங்களில் யந்திரத்தை எதிர்ப்பவரோடு நான் சேரமாட்டேன்.

மூன்றாவது வாதம், யந்திரம் பரவினால் சிகிச்சையும் பரவும் என்பது. ஒரு யந்திரத்தின் விலை பத்துக் கோடி ரூபாய்க்கு மேல். வருஷாந்தரப் பராமரிப்பு வேறு. அதன் கருவி ஒவ்வொன்றிலும் எத்தனை தடவை உபயோகித்தாயிற்று என்று எண்ணும் சில்லு ஒன்று பதிந்திருக்கிறது, குறித்த எண்ணிக்கை முடிந்ததும் கருவி நன்றாயிருந்தாலும் யந்திரம் அதை ஏற்காது. 2022 மார்ச்சில் சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் சுமார் 35 கோடி ரூபாயில் அரசாங்கம் ரோபோ சிகிச்சை மையம் திறந்தது. தலைநகரத்தில், புற்றுநோய் முதலிய பல துறைகளுக்கும் பொதுவாக, ஏழைக்கும் எட்டும்படி ஒன்று இருப்பது முறையே. அதையே அளவுகோலாக்கி, ஒவ்வொரு ஜில்லாவும் அவயவ மாற்றுக்காக இப்படி ஒன்றைக் கேட்க வேண்டும் என்பவர்கள், அந்தப் பணத்தால் வேறு என்ன செய்யலாம் என்று எண்ணிப் பார்த்தார்களா?

டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவனின் ரத்தத்தில் அந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், இரவு மாத்திரை போட்டுச் சுமார் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடுவதற்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். ஆகவே வாணியம்பாடிக்காரன் விடியற்காலையில் மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதை விழுங்காமல் பஸ் ஏறி, ஆம்பூர், பள்ளிகொண்டா என்று ஊர் ஊராகத் தாண்டி வேலூர் சேர்ந்து, வரிசையில் நின்று ரத்தம் கொடுத்த பிறகே அதை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறான். பஸ் தாமதித்தால் மருந்தின் நேரம் தவறுகிறது; கூட வந்த மனைவிக்குக் கம்பெனியில் ஒரு நாள் கூலி போகிறது. சிகிச்சை முடிந்த முதல் மாதங்களில் இது வாரந்தோறும் நடக்கும். இந்த ரத்தத்தை வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், பேரணாம்பட்டு அரசு ஆஸ்பத்திரிகளிலேயே எடுத்து வேலூருக்கு அனுப்பக் குளிர்பெட்டியும் ஓர் ஆளும் ஒரு வண்டியும் போதும். மாத்திரைக்குப் பணமில்லாமல் பாதி அளவாக்கிச் சாப்பிடுகிறவனின் சிறுநீரகத்தை உலகத்தின் எந்த யந்திரமும் காப்பாற்றாது. அந்த மருந்தை ஆயுள் முழுதும் தடையின்றிக் கொடுப்பதே அவயவ மாற்றுச் சிகிச்சையைப் பரப்புவதாகும்.

அவயவம் கிடைப்பதும் அப்படியே. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து வைத்தியத் தம்பதியர் விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் அவயவங்களைக் கொடுத்தபோது தமிழகம் கண்ட எழுச்சியும், அதே வருஷம் அரசு ஏற்படுத்திய இறந்தோர் அவயவ தானத் திட்டமும், 2023-இல் தானம் செய்தோரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்ற அறிவிப்பும் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கின்றன. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலை ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகவே போகிறது. தலையில் அடிபட்டவர்களை அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரி போன்ற இடங்களுக்குத்தான் கொண்டுவருகிறார்கள். மூளைச்சாவை முறைப்படி சோதித்து அறிவிக்க வைத்தியர்கள் இரவிலும் இருப்பதும், தமிழிலும் உருதுவிலும் தெலுங்கிலும் அந்தக் குடும்பத்தோடு பொறுமையாக அமர்ந்து பேசத் தெரிந்த ஒருவர் இருப்பதும் ஒரு மனைவியையோ தாயையோ கத்தியிலிருந்து காப்பாற்றும்.

யந்திரம் வந்துவிட்டால் சங்கடம் தீர்ந்துவிடும் என்ற வாக்குறுதியை இந்தப் பிரதேசம் முன்பும் கேட்டிருக்கிறது. பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996 ஆகஸ்டில் பிரசித்தமான தீர்ப்பை அளித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கின. இனி ஆறு பிழைத்தது என்றார்கள். 2015 ஜனவரி 31 விடியுமுன் ராணிப்பேட்டைச் சிப்காட்டில் அத்தகைய ஒரு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் மாண்டார்கள். 2025 ஜனவரியில் அதே கோர்ட் அதே பாலாற்றுக்காக மறுபடியும் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது. நிலையம் கட்டியது தவறன்று. கட்டியவுடன் கடமை முடிந்ததென்று கண்காணிப்பைக் கைவிட்டதுதான் தவறு.

"அப்படியானால் பணக்காரனுக்கு யந்திரம், ஏழைக்குப் பழைய கத்தியா?" என்று கேட்பார்கள். வலிமையான கேள்விதான், ஆனால், திறந்த முறை தாழ்ந்த முறை என்று முன்கூட்டியே முடிவுகட்டிக்கொண்டு கேட்கப்படும் கேள்வி. யந்திரம் அவசியமான நோயாளி ஏழையானால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே அவனுக்கு அது இலவசமாகக் கிடைக்கட்டும். அதற்காக வாதாட நானும் வருகிறேன். அவசியமில்லாதவனிடம் அதை விற்கலாகாது. விற்பதற்குமுன், சம்மதப் பத்திரத்தில் கைநாட்டோ கையெழுத்தோ வாங்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும், அந்தச் சர்ஜன் யந்திரத்தால் இதுவரை எத்தனை மாற்றுச் சிகிச்சை செய்திருக்கிறார், திறந்த முறையில் செய்தால் செலவு எவ்வளவு குறையும், குறைகிற அந்தத் தொகை எத்தனை மாத டாக்ரோலிமஸுக்குப் போதும் என்ற மூன்று எண்களையும் அவன் படிக்கும் பாஷையில் எழுதி அவன் கையில் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவிட வேண்டும்.